சனி ஞாயிறில் பிராக்: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

ஆபீஸ் வேலையாக ஜெர்மனி, ஆஸ்திரியா போகிறவர்களும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்களும் இந்த முறை ஒரே ஊரைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள்: செக் குடியரசின் தலைநகர் பிராக். எல்லோருக்கும் கையில் இருப்பது இரண்டே நாள்.

கேள்வி: பெர்லினில் மூன்று வாரம் ஆபீஸ் வேலை. நடுவில் ஒரு சனி ஞாயிறு பிராக் போய்வர ஆசை. வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து, ஞாயிறு மாலை ரயில் பிடிக்க வேண்டும். என்னென்ன பார்க்க முடியும்?
வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: என்ன பார்க்கலாம் என்பதற்கு முன்னால், எது என்றைக்கு மூடியிருக்கும் என்று பார்த்துவிடுங்கள். வார இறுதியில் வருகிறவருக்கு பிராக்கில் இரண்டு பூட்டு. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். அதனால் யோசெஃபோவ் பகுதியிலுள்ள யூத அருங்காட்சியகமும், அதைச் சேர்ந்த தொழுகைக்கூடங்களும், பழைய கல்லறைத் தோட்டமும் அன்று முழுக்க மூடல். ஞாயிறு காலை கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் வீட்டஸ் பேராலயத்தில் பூசை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை 12 மணிக்கு மேல்தான் விடுவார்கள். நம் ஊர்க் கோயிலில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் போய் நிற்பது போலத்தான். 12 மணிக்குக் கதவு திறக்கும்போது காலையிலிருந்து சேர்ந்த கூட்டம் மொத்தமும் உங்களுக்கு முன்னால் நிற்கும்.

ஆகவே சனி காலை கோட்டை, ஞாயிறு காலை யோசெஃபோவ். மற்றதை இதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை 8 மணிக்கெல்லாம் 22ஆம் எண் டிராமில் ஏறி, 'பொஹோர்ஜெலெட்ஸ்' நிறுத்தத்தில் இறங்குங்கள். இது கோட்டையைவிட உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து கோட்டை வாசல் வரை இறக்கம்தான். ஆற்றங்கரையிலிருந்து படியேறி மூச்சு வாங்க வேண்டாம். வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கலாம், பை சிறியதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. பேராலயத்தின் உட்பகுதி, பழைய அரண்மனை, செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், தங்கச் சந்து ஆகியவற்றுக்குத்தான் டிக்கெட். கட்டடங்கள் 9 மணிக்குத் திறக்கும். முதலில் நேராகப் பேராலயத்துக்குள் போய்விடுங்கள். 10 மணிக்கு மேல் சுற்றுலா பஸ் கூட்டம் வந்து இறங்கும்.

அந்தப் பேராலயத்துக்கு 1344இல் அடிக்கல் நாட்டினார்கள், கட்டி முடித்தது 1929இல். கிழக்குப் பாதி நடுக்காலத்து வேலை, மேற்குப் பாதி பெரும்பாலும் 19, 20ஆம் நூற்றாண்டு வேலை. உள்ளே நின்று பார்த்தால் இது சட்டென்று தெரியாது, கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்தால் தெரியும். இடதுபுறம் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகா வரைந்த ஜன்னல் மட்டும் சுவரொட்டிச் சித்திரம் போலத் தனியாக நிற்கும். பழைய அரண்மனையில் 1618ஆம் ஆண்டு அரசப் பிரதிநிதிகள் இருவரையும் எழுத்தரையும் ஜன்னல் வழியே வெளியே தள்ளிய அறையைக் காட்டுவார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஐரோப்பா முப்பது ஆண்டுப் போரில் விழுந்தது அங்கிருந்துதான். அதே அரண்மனையில் குதிரை வீரர்கள் ஏறி வருவதற்காகவே கட்டிய அகலப் படிக்கட்டையும் விடாதீர்கள். கோட்டைக்கு மூன்றரை மணி நேரம் போதும். 12 மணிக்கு முதல் முற்றத்தில் பேண்டு வாத்தியத்தோடு காவலர் மாறுவதைப் பார்க்கலாம். ஆனால் அதற்காக அரை மணி முன்பே போய் இடம் பிடிக்குமளவு அதில் ஒன்றுமில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

மத்தியானம் கோட்டை அடிவாரத்திலுள்ள மாலா ஸ்ட்ரானா பகுதியின் தெருக்கள். மாலையில் லெட்னா மேட்டுப் பூங்கா: வல்தாவா ஆற்றின் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவது அங்கிருந்துதான்.

ஞாயிறு விடியலில் சார்லஸ் பாலம், 9 மணிக்கு யோசெஃபோவ். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் உட்சுவர்களில், நாஜிகள் கொன்ற செக் யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. பெயர், பிறந்த தேதி, கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதி, ஊர் வாரியாக. அதை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் பிணத்தின் மேல் மண் கொட்டி, அதன் மேல் மறுபடி புதைத்திருக்கிறார்கள். சில இடங்களில் 12 அடுக்கு வரை. அதனால்தான் 12,000 கற்களும் நெரிசலில் சாய்ந்து நிற்கின்றன. ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி இல்லாவிட்டால் வாசலில் தருவார்கள். இங்கே இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதன் பிறகு பழைய நகரச் சதுக்கம், சாப்பாடு, ரயில் நிலையம்.

ரயிலில் ஒரு விஷயம். டிக்கெட் வாங்கினால் இருக்கை கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. இருக்கைப் பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஞாயிறு மாலை வண்டியில் பதிவில்லாமல் ஏறினால் டிரெஸ்டன் வரை நின்றபடி போக நேரலாம். பிராக்கில் ஏறும் நிலையம் 'பிராஹா ஹ்லாவ்னி நாட்ராஜி', அதாவது சென்ட்ரல். ஹோலெஷோவிட்ஸே என்று இன்னொன்று இருக்கிறது, டிக்கெட்டில் எது என்று பாருங்கள். நடைமேடை எண்ணைப் புறப்படும் நேரம் நெருங்கிய பிறகுதான் பலகையில் போடுவார்கள். 'நாஸ்டுபிஷ்டியே' என்றால் நடைமேடை, 'கொலெய்' என்றால் தண்டவாளம். திரும்பும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். எல்பே ஆறும் பாறைக் குன்றுகளும் அந்தப் பக்கம்தான்.

கேள்வி: என்னுடையது ஜெர்மனி கொடுத்த ஒருமுறை நுழைவு விசா. பிராக் போனால் ஜெர்மனிக்குத் திரும்ப முடியாது என்று நண்பர் பயமுறுத்துகிறார்.
வாசகி, வேளச்சேரி

பதில்: நண்பர் சொல்வது தவறு. ஒருமுறை நுழைவு என்பது ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைக்குள் ஒருமுறை நுழைவது. ஜெர்மனியிலிருந்து செக் போவது உள்ளுக்குள்ளேயே போவது, எனவே வெளியேறியதாகக் கணக்கில் வராது. லண்டன் போனால்தான் சிக்கல். ஆனால் பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஜெர்மனிக்குள் திரும்பும் ரயில்களில் போலீஸ் ஏறிச் சோதிப்பது இப்போது சகஜம். போனில் இருக்கும் போட்டோவும் கலர் ஜெராக்ஸும் அங்கே செல்லாது.

சென்னையிலிருந்து நேராக பிராக்குக்கே விண்ணப்பிக்கிறவர்களுக்கு: எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். நிராகரிப்பில் அடிக்கடி அடிபடுவது வங்கிக் கணக்கு. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வையுங்கள்.

கேள்வி: பிராக்கின் வானியல் கடிகாரம் ராசியெல்லாம் காட்டும் என்கிறார்கள். மகனோடு போகிறேன். அதை எப்படிப் படிப்பது?
ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாப்பூர்

பதில்: நல்ல கேள்வி. அங்கே கூடும் நூற்றுக்கணக்கானவர்களில் முக்கால்வாசிப் பேர் மணிக்கு ஒருமுறை வரும் பொம்மையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், முகப்பைப் படிப்பதில்லை. பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு அது பத்து நிமிட வேலை.

கடிகாரம் 1410இல் செய்தது, பழைய நகர மன்றக் கோபுரத்தின் சுவரில் இருக்கிறது. மேலே ஒரு வட்டம், கீழே ஒன்று. மேல்வட்டத்தில் கை உருவம் உள்ள முள்ளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே கை மூன்று விதக் கணக்கைக் காட்டுகிறது.

முதலாவது, ரோமன் எண்கள்: நமக்குப் பழக்கமான 24 மணி நேரம். நண்பகல் உச்சியில், நள்ளிரவு அடியில். இரண்டாவது, வெளியே இருக்கும் கறுப்பு வளையத்தில் தங்க நிறத்தில், பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை. இது பழைய செக் கணக்கு. நாம் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவோம், அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணினார்கள். அஸ்தமனம் தினமும் நகர்வதால் அந்த வளையமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகரும். கை 21இல் இருந்தால் சூரியன் மறைய இன்னும் மூன்று மணி நேரம். ஊர் சுற்ற வந்தவருக்கு இதைவிட உபயோகமான கடிகாரம் வேறில்லை.

மூன்றாவது, நீலப் பகுதிக்குள் வளைந்து போகும் கோடுகளும் 1 முதல் 12 வரையான எண்களும். உதயம் முதல் அஸ்தமனம் வரை பகலைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டுவது. நாம் ராகு காலத்துக்குப் பகலை எட்டாக வெட்டுகிறோமே, அதே யோசனை. சென்னையில் பகல் நீளம் அவ்வளவாக மாறாததால் ராகு காலம் ஒன்றரை மணி நேரம் என்று காலண்டரில் அச்சடித்துவிடலாம். பிராக்கில் ஜூன் பகல் 16 மணி நேரம், டிசம்பர் பகல் 8 மணி நேரம். அங்கே கணக்குப் போட்டால் ராகு காலம் கோடையில் இரண்டு மணி நேரம், குளிரில் ஒரு மணி நேரம்!

மையம் தப்பி ஓடும் சிறிய வளையம்தான் ராசிச் சக்கரம். அதன் மேல் சூரியனும், பாதி கறுப்பு பாதி வெள்ளியாகச் சுழலும் சந்திரப் பந்தும் ஊர்ந்து போகும். பந்தின் வெள்ளிப் பக்கம் எவ்வளவு தெரிகிறதோ அதுதான் அன்றைய பிறை. ஆனால் ராசியை நம் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் குழப்பம் வரும். அவர்கள் சூரியன் மேஷத்தில் நுழைவதை மார்ச் 21 வாக்கில் வைக்கிறார்கள், நமக்கு ஏப்ரல் 14, சித்திரை 1. இடையில் நிற்பது அயனாம்சம், சுமார் 24 பாகை. கடிகாரம் பழுதாகிவிட்டதா என்று மகனைக் கேட்க வேண்டாம்.

கீழ்வட்டம் மாதங்களின் ஓவியத்தோடு கூடிய தினசரி காலண்டர். உச்சியில் உள்ள முள் அன்றைய தேதியைக் காட்டும், விளிம்பில் ஒவ்வொரு நாளுக்கும் உரிய புனிதரின் பெயர் இருக்கும். பொம்மைகள் காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கு ஒருமுறை. எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், இரண்டு ஜன்னலிலும் பன்னிரண்டு சீடர்கள் வந்து போவார்கள், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பது ஜேப்படிக்காரர்களுக்குத் தெரியும். தீபாவளி வாரத்து ரங்கநாதன் தெருவில் பையைப் பிடிப்பது போல முன்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி விஷயத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் அருகிலேயே இருக்கும் கிளெமென்டினம் வளாகத்தின் வானியல் கோபுரத்தையும் பார்க்கலாம். வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, படிகள் குறுகல். நம் நுங்கம்பாக்கத்து வானாய்வகம் 1792இல் வந்தது. கிளெமென்டினத்தில் 1775 முதல் விடாமல் தினமும் வெப்பநிலை குறித்து வருகிறார்கள்.

கேள்வி: யூரோ கொண்டுபோனால் போதுமா?
வாசகர், அண்ணா நகர்

பதில்: போதாது. செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் நாணயம் கொருனா. ஒரு கொருனா சுமார் நாலு ரூபாய், ஒரு யூரோ சுமார் 24, 25 கொருனா என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகள் யூரோவும் வாங்கும், ஆனால் அவர்கள் வைத்ததுதான் விலை.

கார்டு ஏறக்குறைய எங்கும் செல்லும். கிளம்புமுன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள், புதுக் கார்டுகளில் அது மூடித்தான் வரும். கார்டு மெஷினோ ஏடிஎம்மோ 'ரூபாயிலா, கொருனாவிலா' என்று கேட்டால் எப்போதும் கொருனா. ரூபாய் என்று அழுத்தினால், மாற்று விகிதத்தை உங்கள் வங்கிக்குப் பதில் அந்த மெஷின்காரர் வைப்பார். ஏடிஎம்மில் இது கொஞ்சம் தந்திரமாக வரும்: 'விகிதத்தை ஏற்கிறேன்' பெரிய பட்டன், 'மறுக்கிறேன்' சிறிய பட்டன். மறுத்தாலும் பணம் வரும், பயப்பட வேண்டாம்.

பணமாற்றுக் கடையில் 'கமிஷன் 0' என்ற பலகையை நம்பிப் பணத்தை நீட்டாதீர்கள். கொள்ளை கமிஷனில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. '100 யூரோவுக்குக் கையில் எத்தனை கொருனா' என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். 2019 ஏப்ரல் முதல் அமலில் உள்ள சட்டப்படி, 1,000 யூரோ மதிப்பு வரையான பரிவர்த்தனையை 3 மணி நேரத்துக்குள் அதே கடையில், காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். தெருவில் 'நல்ல ரேட்' என்று வருகிறவர் தருவது பெரும்பாலும் வேறு நாட்டு நோட்டு, அதற்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது. பொதுக் கழிப்பறைக்கு 10, 20 கொருனா சில்லறை வைத்திருங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இரண்டு நாள் தாக்குப்பிடிக்க முடியுமா?
வாசகி, நங்கநல்லூர்

பதில்: முடியும். ஆனால் செக் உணவகத்தில் 'வெஜிடேரியன்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. மெனுவில் 'பெஸ்மாசா யீட்லா' என்ற பகுதி இறைச்சியில்லாத உணவுகள். அதில் முதலாவதாக இருக்கும் 'ஸ்மாஜெனி சீர்', பொரித்த பாலாடைக்கட்டி, ரொட்டித் தூளை ஒட்ட வைக்க முட்டையில் தோய்த்தது. கூடவே வரும் டார்டார் சாஸிலும் முட்டை. உருளைக்கிழங்கு அடையான 'ப்ரம்போராக்' பார்க்க நம்ம ஊர் அடை மாதிரி இருக்கும், அதிலும் முட்டை உண்டு, சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் வார்ப்பார்கள். சூப் எல்லாம் சந்தேகக் கேஸ். பூண்டு சூப் என்பார்கள், அடியில் இருப்பது எலும்புச் சாறு.

இந்தச் சொற்களைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மாசோ என்றால் இறைச்சி, ஷுன்கா பன்றித் தொடை, ஸ்லனினா பன்றிக் கொழுப்புத் துண்டு, சாட்லோ உருக்கிய பன்றிக் கொழுப்பு, வீவர் எலும்புச் சாறு, வெய்ட்ஸே முட்டை. முன்னால் 'பெஸ்' போட்டால் 'இல்லாமல்'. பழைய நகரத்தில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, ஒரு வேளைக்கு அதுவே உத்தமம். மறுவேளைக்கு சூப்பர் மார்க்கெட்டில் 'பீலீ யோகுர்ட்' என்று கேளுங்கள். இனிப்பில்லாத வெள்ளைத் தயிர், கொஞ்சம் கெட்டி. ரூமில் கெட்டில் இருந்தால் அவல் ஊறிவிடும், தயிரவலுக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டிலிருந்து கொண்டுபோவதில் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, தயிர்சாதம் எல்லாம் இதில் அடங்கும். கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல், அப்பளம் தாராளமாகப் போகலாம்.

உணவக மேஜையில் கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் பில் உண்டு. தொட்டால்தான் காசு.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?
வாசகர், பெரம்பூர்

பதில்: போகலாம். ஊர் முழுக்கக் கருங்கல் பாவிய தெரு என்பதால் கெட்டி அடியுள்ள ஷூ போடச் சொல்லுங்கள், செருப்பு வேண்டாம். மேலே சொன்ன பொஹோர்ஜெலெட்ஸ் வழி அம்மாவுக்குச் சரிப்படாது, இறக்கம்தான் முழங்காலுக்கு எமன். அதே 22ஆம் எண் டிராமில் 'பிராஜ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்கினால் ஐந்து நிமிடம் சமதளத்தில் நடந்து கோட்டையின் இரண்டாம் முற்றத்துக்குப் போய்விடலாம். திரும்பும்போதும் அங்கேயே வந்து டிராம் பிடியுங்கள். கூட்டத்தோடு சேர்ந்து பழைய கோட்டைப் படிகளில் இறங்கிவிடாதீர்கள். பேராலயக் கோபுரம் 287 படி, விட்டுவிடுங்கள். மேலிருந்து ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால் கடிகாரம் இருக்கும் பழைய நகர மன்றக் கோபுரத்தில் லிஃப்ட் உண்டு.

டிராமில் பழைய தத்ரா டி3 வண்டி வந்தால் படி உயரம். நிறுத்தத்து அட்டவணையில் சக்கர நாற்காலிக் குறி போட்ட வண்டி தாழ்தள வண்டி, அதற்குக் காத்திருங்கள். மெட்ரோ எஸ்கலேட்டர்கள் சென்னையில் இருப்பதைவிட நீளம், வேகமும் அதிகம். அம்மா முதலில் கைப்பிடியைப் பிடித்துவிட்டு அப்புறம் கால் வைக்கட்டும்.

கேள்வி: டிராம், மெட்ரோவுக்கு எந்த டிக்கெட்?
வாசகர், தாம்பரம்

பதில்: மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 24 மணி நேர டிக்கெட் முத்திரை குத்திய நிமிடத்திலிருந்து ஓடும், நள்ளிரவோடு முடிவதில்லை. வெள்ளி இரவு 8 மணிக்குக் குத்தினால் சனி இரவு 8 வரை. அதன் பிறகு இரண்டாவதைக் குத்தினால் ஞாயிறு இரவு 8 வரை, ஆக இரண்டு போதும், 72 மணி நேர டிக்கெட் வீண். காகித டிக்கெட்டை மெட்ரோ வாசலிலோ டிராமுக்குள்ளோ உள்ள மஞ்சள் பெட்டியில் ஒரே ஒருமுறை குத்த வேண்டும். குத்தாமல் பையில் வைத்திருப்பது டிக்கெட் இல்லாததற்குச் சமம், 'வாங்கியிருக்கிறேனே' என்பது எடுபடாது. மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது என்பதால் யாரும் பார்ப்பதில்லை என்று நினைக்க வேண்டாம், சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள், பேட்ஜ் காட்டுவார்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கும் இதே டிக்கெட்தான்: 59ஆம் எண் டிராலிபஸ்ஸில் வெலெஸ்லாவீன் நிலையம், அங்கிருந்து பச்சை மெட்ரோ.

கேள்வி: சார்லஸ் பாலத்தில் ஆளில்லாமல் ஒரு போட்டோ எடுக்க முடியுமா?
வாசகி, திருவான்மியூர்

பதில்: சூரிய உதயத்துக்கு 20 நிமிடம் முன்னால் பழைய நகரப் பக்கத்துக் கோபுரத்தடியில் இருங்கள். ஜூனில் அது காலை நாலரை மணி, டிசம்பரில் ஏழரை. காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து எதிரே உள்ள கோட்டை மேல் விழும், அந்தப் பக்கம் பார்த்து எடுங்கள். மாலையில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் இறங்குவதால் சிலைகள் கறுப்பு நிழலாக மட்டும் வரும். 1357ஆம் ஆண்டு 9ஆம் தேதி 7ஆம் மாதம் காலை 5 மணி 31 நிமிடத்தில் மன்னர் நான்காம் சார்லஸ் அடிக்கல் வைத்ததாகச் சொல்வார்கள். வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. முகூர்த்தம் பார்ப்பதில் நமக்கு அவர்கள் சளைத்தவர்கள் இல்லை போலிருக்கிறது. பாலத்தின் 30 சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள், மூலச் சிலைகளை மழையிலிருந்து காப்பாற்ற உள்ளே எடுத்துவிட்டார்கள். ட்ரைபாட் கொண்டுபோனால் ஓரமாக வையுங்கள், 7 மணிக்கெல்லாம் கல்யாண ஜோடிகளும் அவர்களுடைய போட்டோகிராபர்களும் வந்துவிடுவார்கள்.